மைக்குள்ள என்ன தெரியுது, கண்ணு?

வெற்றிலையின் நடுவில் மிளகளவு கறுப்பு மை. அதன்மேல் ஒரு சொட்டு எண்ணெய். விளக்கு வெளிச்சம் பட்டதும் மை கண்ணாடிபோல் பளபளக்கிறது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து, வெற்றிலையைக் கையில் கொடுக்கிறார்கள்.

“கண்ணைச் சிமிட்டாமப் பாரு. யாராவது வர்றாங்களா?”

“இல்ல.”

“நல்லாப் பாரு, கண்ணு. யாரோ வாசல் பெருக்குறாங்க பாரு. தெரியுதா?”

கொஞ்ச நேரம் போகிறது. பிள்ளை தலையாட்டுகிறது. சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வருகிறார்கள்.

இதுதான் மை போட்டுப் பார்ப்பது. காணாமல் போன சங்கிலியை எடுத்தது யார், ஓடிப்போன பையன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்கத்தான் பெரும்பாலும் மை போடுவார்கள். திடீரென்று செத்துப்போனவர் பணத்தை யாரிடம் கொடுத்துவைத்தார், என்ன சொல்ல நினைத்தார், சாவில் சூது உண்டா என்று கேட்பதற்கும் அதே வெற்றிலைதான். பார்க்கிற கண் மட்டும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். வயதுக்கு வராத பிள்ளை, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்பார்கள். கால் முன்னே வந்து பிறந்த பிள்ளை என்றால் இன்னும் விசேஷம்.

மை தமிழகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஆனால் வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையோடு நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் அதற்கு இரண்டு மொழி உண்டு. தமிழ் வீடுகளில் அது மை, அஞ்சனம். தக்கினி உருது பேசும் வீடுகளில் அதன் பழைய பெயர் ஹாஜிராத். அழைத்து வந்து முன்னால் நிறுத்துவது என்று பொருள். ஒரே தெருவில் டேனரி முதலாளி வீடும் தொழிலாளி வீடும் இருக்கிற ஊர்களில் இந்தப் பழக்கமும் மதம் பார்க்காமல் சுவர் தாண்டியிருக்கிறது.

செத்தவர்களோடு பேச்சு வார்த்தை இல்லாத ஊர்களும் அல்ல இவை. மாசி மாதம், மகா சிவராத்திரிக்கு மறுநாள், வேலூர்ப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் தேர் சுடுகாட்டுக்குப் புறப்படும். காளி வேடம் கட்டியவர்கள் ஆடிக்கொண்டு போவார்கள். கொழுக்கட்டையும் சுண்டலும் சில்லறையும் வாரி இறைக்கப்படும். ஆற்று மணலில் மனிதத் தலைகள்தான் தெரியும், தண்ணீர் தெரியாது. (தண்ணீர் தெரியாததற்குத் திருவிழாவைக் குறை சொல்ல முடியாது.) சுடுகாட்டைப் பார்த்து நடுங்க வேண்டிய வயதுப் பிள்ளைகள் அன்று அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டுக்கொண்டே சமாதிகளுக்கு நடுவே போய்வருவார்கள்.

கெய்ரோவில் ஒரு சிறுவன்

இந்த மை விவகாரத்தை விலாவாரியாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஆள். ஜாஃபர் ஷரீஃப், மதராஸ் ராணுவத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்த முன்ஷி. தென்னாட்டு முஸ்லிம்களின் சடங்குகளைப் பற்றி அவர் தக்கினியில் எழுதியதை ஹெர்க்லாட்ஸ் என்ற மதராஸ் ராணுவ டாக்டர் ஆங்கிலத்தில் ஆக்கினார். ‘கானூன்-இ-இஸ்லாம்’ என்ற பெயரில் 1832-இல் லண்டனில் வெளியானது. அதில் பிள்ளை மையைப் பார்க்கும்போது வருகிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒருவர் வந்து தரையைப் பெருக்குவார். அடுத்து ஒருவர் தோல்பையிலிருந்து தண்ணீர் தெளிப்பார். பிறகு ஜமுக்காளம் விரிப்பார்கள். கடைசியில் பரிவாரத்தோடு ஜின்களின் ராஜா சிம்மாசனத்தில் வந்து உட்காருவார். அவரிடம்தான் கேள்வி. தமிழ் வீடுகளில் ராஜாவுக்குப் பதில் ஆஞ்சநேயர் வருவதுண்டு. பெருக்குவதும் தெளிப்பதும் அப்படியே.

நான்கு வருடம் கழித்து, 1836-இல், எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தியரின் வாழ்க்கை முறை பற்றித் தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். கெய்ரோவில் ஒரு மந்திரவாதி, தெருவில் போன சிறுவனைப் பிடித்து வந்து, உள்ளங்கையில் மையை ஊற்றிப் பார்க்கச் சொன்னதை அதில் விவரிக்கிறார். அங்கேயும் முதலில் வந்தவன் தரையைப் பெருக்கினான். பிறகு கொடிகள், கூடாரம், படை, சுல்தான். வேலூரையும் கெய்ரோவையும் கடலும் பாலைவனமும் பிரிக்கின்றன. துடைப்பம் மட்டும் எப்படியோ கடந்து போயிருக்கிறது.

லேன் இறந்துபோன ஒருவரை அழைத்துப் பார்க்க நினைத்து நெல்சன் பெயரைச் சொன்னார். 1805-இல் டிராஃபால்கரில் செத்த கடற்படைத் தளபதி. அந்தப் பெயரை உச்சரிக்கவே சிறுவனுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கருநீல உடுப்புப் போட்ட ஐரோப்பியர் ஒருவர் வந்திருப்பதாகவும், இடது கை இல்லை என்றும் சொன்னான். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, இல்லை, அந்தக் கை நெஞ்சோடு இருக்கிறது என்றான். நெல்சன் வெற்றுச் சட்டைக் கையை நெஞ்சில் குத்திக்கொள்வது வழக்கம். இழந்தது வலது கை. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறித் தெரியும் என்று மந்திரவாதி சமாதானம் சொன்னார். ஐரோப்பா முழுக்க இந்தக் கதை பரவியது. உள்ளங்கை மையைப் பார்க்கும் சிறுவனையும் அவனை அழைத்துத் திரியும் மூன்று இந்தியர்களையும் வில்கி காலின்ஸ் 1868-இல் ‘மூன்ஸ்டோன்’ நாவலில் கொண்டுவந்தார்.

நாவலை விட சுவாரஸ்யமான பகுதி பின்னால் வருகிறது. பல வருடம் கழித்து லேன் மறுபடி கெய்ரோ போனபோது மந்திரவாதியின் வித்தை பலிக்கவில்லை. முன்பு பலித்த நாட்களில் சிறுவனுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் நடுவே மொழிபெயர்த்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இந்தப் பயணத்தின்போது அவர் உயிரோடு இல்லை. நெல்சனைத் தெரிந்திருந்தது மைக்கு அல்ல, கேள்வியைச் சிறுவனிடம் கொண்டுபோனவருக்குத்தான் என்ற முடிவுக்கு லேன் வந்தார்.

“யாரோ வாசல் பெருக்குறாங்க பாரு” என்று கேட்கிறவரை இப்போது திரும்பிப் பார்க்கலாம்.

எலிப்பொறி

கேள்வி பிள்ளைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் செசியின் குழு 1990-களில் சோதித்தது. பள்ளி சேராத வயதுப் பிள்ளைகளிடம், “உன் விரல் எலிப்பொறியில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாயே, ஞாபகம் இருக்கா?” என்பதுபோல நடக்காத சம்பவங்களை வாரா வாரம் கேட்டார்கள். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. யோசித்துப் பார் என்றுதான் சொன்னார்கள். சுமார் பத்து வாரம் போனபின், 58 சதவீதப் பிள்ளைகள் நடக்காத சம்பவங்களில் ஒன்றையாவது நடந்ததாகவே விவரித்தன. எந்த விரல், யார் கூட வந்தது, என்ன வண்டி என்பது வரைக்கும். அந்தப் பிள்ளைகள் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவர்கள் பேசிய வீடியோவைப் பார்த்த நிபுணர்களாலேயே எது நிஜம் என்று பிரிக்க முடியவில்லை.

மையில் ஒன்றுமே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழகத்து ஜொவான்னி கபுட்டோ 2010-இல் செய்த சோதனை எளிமையானது. மங்கலான விளக்கை முதுகுக்குப் பின்னால் வைத்து, 50 பேரைப் பத்து நிமிடம் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்க்கச் சொன்னார். 66 சதவீதம் பேருக்கு முகம் விகாரமாக மாறித் தெரிந்தது. 28 சதவீதம் பேர் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்தார்கள். பத்தில் ஒருவர் கண்ணாடியில் கண்டது, இறந்துபோன தன் அப்பா அல்லது அம்மாவின் முகம். அசையாத ஒன்றை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதை அழிக்க ஆரம்பிக்கும். அழிந்த இடத்தை மூளை தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பும். படித்த பெரியவர்களுக்கே இப்படி என்றால், அரை இருட்டில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எண்ணெய் மினுங்கும் மையில் ஏதோ அசைவது அதிசயமே இல்லை. அசைந்தது யார் என்று பெயர் வைப்பதுதான் பெரியவர்களின் வேலை.

இந்த மையைச் சுற்றி இன்னொரு பயங்கரமும் உண்டு. செத்துப்போன தலைச்சன் பிள்ளையின் மண்டையோட்டைக் கருக்கிச் செய்கிற மைக்குத்தான் சக்தி அதிகம் என்பது பழைய நம்பிக்கை. அதனாலேயே தலைச்சன் பிள்ளையைப் புதைத்த குழியை ராத்திரியில் காவல் காத்த குடும்பங்கள் உண்டு. செத்த பிள்ளை மையாகவும் உயிரோடு இருக்கும் பிள்ளை கண்ணாகவும் வேண்டியிருந்தது.

பூவாடைக்காரி வருகிறாள்

வட இந்தியாவில் செத்தவர்கள் வேறு வழியில் பிள்ளைகளிடம் வருகிறார்கள். 1926-இல் டில்லியில் பிறந்த சாந்தி தேவி, பேச ஆரம்பித்த சில வருடங்களில், தனக்கு மதுராவில் கணவனும் மகனும் இருப்பதாகச் சொன்னாள். பிள்ளை பெற்ற சில நாளில், 1925-இல் இறந்துபோன லுக்டி தேவிதான் தான் என்றாள். காந்தி வரை செய்தி போய், 1935-இல் ஒரு குழுவே அவளை மதுராவுக்கு அழைத்துப் போனது. இதுபோன்ற பிள்ளைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார் அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன். அவரோடு வேலை செய்த சத்வந்த் பஸ்ரிச்சா பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பணியாற்றியவர். இந்தச் சம்பவங்கள் தென்னிந்தியாவில் ஏன் இத்தனை குறைவு என்ற கேள்வியை வைத்தே 2001-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

வட ஆர்க்காட்டுக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விடை தோன்றும். இங்கே செத்தவர்கள் எங்கோ போய்ப் பிறந்து, நாலு வயதுப் பிள்ளையின் வாய்வழியாக விலாசம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவர்களை வீட்டார் முறைப்படி அழைக்கிறார்கள். கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும். குடும்பத்தில் ஒருவர் மேல் அருள் வரும். அகாலத்தில் போன அக்காவோ சித்தப்பாவோ பேசுவார். ஏன் என்னை மறந்தீங்க என்று அழுவார். உறவினர்கள் பதில் சொல்வார்கள், சமாதானப்படுத்துவார்கள், கல்யாணத்துக்கு வந்து நின்று நடத்திக்கொடு என்று கெஞ்சுவார்கள். பிறகு கரகத்தில் வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப் புடவை, பூ, மஞ்சள் வைத்துப் படைப்பார்கள். அப்படி வருகிறவருக்குப் பெயர் பூவாடைக்காரி. ஆண் செத்திருந்தாலும் பல வீடுகளில் பூவாடைக்காரிதான்.

பக்கத்துத் தென்னார்க்காட்டில் 1990-களின் தொடக்கத்தில் தங்கி இதை ஆராய்ந்தவர் மானிடவியலாளர் இசபெல் நபோகோவ்; அவருடைய நூல் 2000-இல் வந்தது. பேய் பிடித்ததாக ஓட்டுகிற சடங்குகளில், பிடிபட்டவர்கள் அநேகமாகப் புதிதாகக் கல்யாணமான இளம்பெண்கள் என்பதையும், பிடித்த பேய்கள் பெரும்பாலும் ஆசை தீராமல் செத்த இளைஞர்கள் என்பதையும் அவர் கவனித்தார். பேயை விரட்டுகிறார்கள், பூவாடைக்காரியைக் கூப்பிடுகிறார்கள். இரண்டிலும் பேசுவது பெரியவர்களின் உடம்பு.

ஊர் பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில், பம்பை அடித்து, அழுது தீர்க்கிற அந்தச் சடங்கில் ஒரு நேர்மை இருக்கிறது. யார் மேல் வந்ததோ அவரும் துக்கப்படுகிற ஆள்தான். மையில் அது இல்லை. துக்கம் பெரியவர்களுடையது, தூக்கம் கெடுவது பிள்ளைக்கு.

முஸ்லிம் வீடுகளில் கணக்கு வேறு. இறந்தவர்கள் மறுமை நாள்வரை பர்ஸக் என்ற இடைநிலையில் இருப்பார்கள், திரும்பி வந்து பேச மாட்டார்கள் என்பது மார்க்கம். ஆகவே அங்கே பிள்ளை பார்ப்பது ஜின்னை. அதையும் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஆம்பூருக்குப் பக்கத்தில் உமராபாத்தில் 1924-இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் போன்ற மதரஸாக்கள் இருக்கிற வட்டாரம் இது. குறி கேட்பது கூடாது என்று ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டுத் தாயத்துக்காரரைத் தேடிப் போகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

தானாகப் பேசும் பிள்ளை

யாரும் மை போடாமலேயே, பாட்டி ராத்திரி வந்து பேசினாங்க என்று பிள்ளை சொன்னால்?

அமெரிக்காவின் பாஸ்டனில் பெற்றோரில் ஒருவரை இழந்த 6 முதல் 17 வயதுக்குட்பட்ட 125 பிள்ளைகளை ஃபிலிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் குழு தொடர்ந்து கவனித்தது. சாவு நடந்து நான்கு மாதத்தில், 57 சதவீதப் பிள்ளைகள் இறந்த அப்பாவோடோ அம்மாவோடோ பேசிக்கொண்டிருந்தன. 81 சதவீதம், அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அவர்களில் யாருக்கும் பேய் ஓட்டவில்லை, யாரையும் சாமியாக்கவும் இல்லை. ஜெஸ்ஸி பெரிங் என்ற உளவியலாளர் 2004-இல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மலாட்டம் காட்டினார். எலியை முதலை தின்றுவிடுகிறது. எலிக்கு இனி சாப்பாடு வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிற பிள்ளைகளே, எலி அம்மாவை நினைக்குமா என்றால் நினைக்கும் என்றன. இறந்தவர்களைப் பார்க்கும் சிறுவனை உலகத்துக்கே காட்டிய ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ படம் 1999-இல் கோடி கோடியாக வசூலித்தது. அதன் இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன் பிறந்தது புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில். அந்தப் படத்தில் நியாயமான விஷயம், சிறுவனுக்கு வாய்த்த டாக்டர் அவன் சொல்வதை உட்கார்ந்து கேட்கிறார்.

வெளியே கூட்டம் சேரும்போதுதான் கதை திரும்புகிறது. நியூயார்க் மாகாணத்து ஹைட்ஸ்வில்லில் 1848 மார்ச்சில், மேகி, கேட் என்ற இரண்டு சிறுமிகள் கேட்ட கேள்விக்குச் சுவரில் தட்டும் ஓசை பதிலாக வந்தது. அக்காக்காரி ஒருத்தி அவர்களை மேடை ஏற்றினாள். ஆவி பேசும் இயக்கமே அதிலிருந்து முளைத்தது. 40 வருடம் கழித்து, 1888-இல், மேகி நியூயார்க் அரங்கில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசை எழுப்பியது தன் கால்விரல் மூட்டுதான் என்று செய்து காட்டினாள். கூட்டத்தில் பலர் நம்பவில்லை. பேய்க்குத் தலையாட்டியவர்கள் கால்விரலுக்குத் தலையாட்ட மறுத்தார்கள்.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர் இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர். ஆவி, அற்புத சக்தி எதையாவது மோசடிக்கு இடமில்லாத சூழலில் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் சாகும்வரை பணம் கைமாறவில்லை. கல் விழும் வீடு, துணி எரியும் வீடு என்று அழைத்தால் போய், வீட்டில் யார் சந்தோஷமாக இல்லை என்று பார்ப்பார். அவருடைய ஆய்வுக் குறிப்பிலிருந்து பிறந்த ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படம் 1973-இல் வந்தது. பேய் பூதம் எல்லாம் புரட்டு என்று ஊர் ஊராகச் சொன்ன பெரியார் அதே வருடம் டிசம்பர் 24-ஆம் தேதி இறந்தது வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில். அவர் ஆவியைப் பேசவைக்க அதற்குப் பிறகும் யாரும் மை போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த அளவுக்காவது மரியாதை இருக்கிறது.

அதே சிஎம்சியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம். வருகிற குடும்பங்கள் நோயைச் செய்வினை என்றும் சொல்வார்கள், நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்வார்கள், கர்மம் என்றும் சொல்வார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் நம்புகிறவர்கள்தான் அதிகம் என்பது வேலூர் மருத்துவர்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கோயிலுக்குப் போகாதே என்று சொல்லி அனுப்பினால் அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிக்குத்தான் வராமல் போகும். மறுபக்கம், 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதைத் தமிழ்நாடு மறக்கவும் முடியாது. பிள்ளையைப் பட்டினி போட்டு, அடித்து, விடிய விடிய உட்காரவைத்தால் அது கொடுமை. 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு அதைத் தண்டனைக்குரிய குற்றம் என்கிறது. 1098-க்குப் போன் செய்தால் போதும்.

இந்த மண்ணில் செத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஏன் தீரவில்லை என்பது வேறு கணக்கு. 2015 ஜனவரி கடைசி, ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் நள்ளிரவில் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் ரசாயனச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். கிணற்றடியில் நின்று அவர்கள் பேரைச் சொல்லிப் பம்பை அடிக்க இங்கே உறவு இல்லை.

வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியம், 2004 ஆய்வின்போது ஏறக்குறைய 1,08,000 ஜனம். அங்கே நடக்கிற ஒவ்வொரு சாவையும் சிஎம்சியின் சமுதாய மருத்துவத் துறை பதிவு செய்துவந்திருக்கிறது. சர்டிபிகேட்டில் என்ன எழுதியிருந்தாலும், வீட்டுக்கே போய் உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்கிற முறை. அப்படிச் சேர்ந்த பத்து வருடப் பதிவுகளை வைத்து 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை உலகையே திடுக்கிடவைத்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பையன்களில் 58. அந்த வயதில் செத்த பெண்களில் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் இடையே தற்கொலைதான் காரணம். (மனம் தாளாமல் தவிப்பவர்கள் 104-இல் எந்த நேரமும் பேசலாம்.) ஆசை தீராமல் போனவர்கள் என்று ஊர் சொல்கிற கூட்டத்துக்கு ஒரு எண் கிடைத்தது.

அந்த எண்ணைச் சேகரித்த முறையில் மந்திரம் எதுவும் இல்லை. சுகாதார ஊழியர் நோட்டோடு வந்து திண்ணையில் உட்காருகிறார். எப்போதிலிருந்து முகம் சரியில்லை, யாரோடு சண்டை, எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள், கடைசியாக யாரிடம் என்ன பேசினாள்? பதில் சொல்வது அம்மாவோ அண்ணியோ. அவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தெருவில் போய் விளையாடச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.